காதுக்கு நான் இருக்கிறேன்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் காது டாக்டரிடம் போய் வந்தேன். பத்மாவதியின் நச்சரிப்புதான் காரணம். அழுக்கு இருந்தது, எடுத்துவிட்டார்கள். கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்து ஏதோ பரிசோதனையும் செய்தார்கள். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளைக் காட்டி நிறையப் பேசினார். தாளை அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் சின்ன வெங்காயம் அரை கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு.

மாலையில் சங்கவி வந்தாள். பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார் ஓட்டுகிறாள். நான்கு வருடங்களாக அவள் பந்தயத்துக்குப் போகிற நாட்களில் நான் அவளோடு பேசுவதில்லை. ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்த்ததும் இல்லை. இன்று அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வண்டிக்கு டர்போ மாட்டியாச்சு. பழைய கம்ப்யூட்டரு அதுக்குத் தாங்காது. வேற போடோணும். எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"நானா?"

"பின்ன? முப்பத்துமூணு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவரு. நீங்க சொல்ற பொட்டியத்தான் போடுவேன். உங்க கை பட்டுச்சுன்னா எனக்கும் ஒரு தைரியம்."

ஜூலை 13 பந்தயம். நாற்பது நாள் இருக்கிறது. சமையலறையிலிருந்து பத்மாவதி ஏதோ சொன்னாள். தலையாட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

ஊரின் கணபதிப் பகுதியில் மொய்தீனின் கார்ப் பட்டறை. மொய்தீனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சங்கவியின் காரை முதல் நாளிலிருந்து பார்ப்பவர் அவர்தான். எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதற்குப் பிறகும் என் வேட்டியில் கிரீஸ்.

எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். இன்ஜினில் இருக்கிற கம்ப்யூட்டர், கல்யாணப் பந்தியை விசாரிக்கிறவர் மாதிரி. இலையில் சாதம் விழுந்தால் உடனே சாம்பார் வர வேண்டும். காற்றுதான் சாதம், பெட்ரோல்தான் சாம்பார். டர்போ என்பது, வாசலில் நின்றுகொண்டு ஒரே பந்திக்கு இரண்டு பந்தி ஆட்களை உள்ளே தள்ளுகிற ஆள். பழைய விசாரிப்புக்காரருக்குப் பழைய கூட்டம்தான் பழக்கம். புதுக் கூட்டத்தில் அவர் திணறுவார். சாம்பார் போதாத இலை மண்டபத்தில் சண்டையாக முடியும். இன்ஜினில் தீயாக முடியும்.

மூன்று வழிகள். பழைய கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பொய்க் கணக்குச் சொல்கிற துணைப் பெட்டி ஒன்றை மாட்டலாம். பிட்டு அடித்துப் பாஸாகிற வேலை. முதலிலேயே தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டு புதுக் கம்ப்யூட்டர் பெட்டிகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டின் விளக்கப் புத்தகங்களையும் வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 7, சனி

புத்தகம். மதியத் தூக்கம் இல்லை.

குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பத்மாவதி கோயிலுக்குப் போயிருந்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "பக்கத்து வூட்டுக்காரங்களே ஆறு விசில் எண்ணியிருக்காங்க, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க" என்றாள். படிக்கும்போது எனக்கு உலகமே தெரியாது. கல்லூரி நாட்களிலிருந்தே அப்படித்தான்.

ஜூன் 9, திங்கள்

இன்று முடிவு செய்தோம்.

பெரிய பெட்டிக்கும் சின்னப் பெட்டிக்கும் உள்ள முக்கிய வித்தியாசத்தை ஓர் உதாரணத்தோடு சொல்லலாம். பள்ளியில் காலை வழிபாடு முடிந்தால் பிள்ளைகள் வரிசை வரிசையாக வகுப்புக்குப் போவார்கள். சிலிண்டருக்குள் தீ அப்படித்தான் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். சில நேரம், முறை வருவதற்கு முன்பே கடைசி வரிசை தானாகக் கலைந்து ஓடும். அந்த மூலையில் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு. அதற்குத் தட்டல் என்று பெயர். நிமிடத்துக்கு ஆயிரம் முறை அப்படித் தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். டர்போ வண்டிகளுக்கு எமன் அதுதான்.

பெரிய பெட்டிக்குக் காது உண்டு. இன்ஜினின் உடம்பில் ஒரு சென்சாரைத் திருகி வைத்தால், தட்டல் வந்த உடனே தீப்பொறியைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். சின்னதற்குக் காது கிடையாது. ஆனால் அதன் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பதினாறுக்குப் பதினாறு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் நாம் எழுதுகிற எண். வழிமுறை காட்டிக் கணக்குப் போடுகிற மாணவன் மாதிரி. பெரியது விடையை மட்டும் சொல்லும்.

"காது இருக்கறது நல்லதுதானுங்களேப்பா?" என்றாள் சங்கவி.

மொய்தீன் இரண்டு பக்கமும் பேசினார். "போன வருசம் ஒரு வண்டிக்குப் பெரிசு போட்டோமுங்க. வால்வு சத்தத்தையெல்லாம் தட்டல்னு நெனச்சு, வண்டிய ஓடவே உடலை. ஆனா ஒண்ணு சார், சின்னதப் போட்டா மனுசன் காது வெச்சுக் கேக்கோணும். செம்புக் குழாய இன்ஜின்ல திருகி, டியூப் போட்டுக் காதுல மாட்டிக்கறது. நம்ம காது முப்பது வருசம் கிரைண்டிங் மிசின்ல போயே போச்சுங்க."

"உங்க சம்சாரம் கூப்பிடறது மட்டும் கேக்காதாமா" என்றாள் சங்கவி.

"அது நல்ல காது இருந்தப்பவே கேட்டதில்லீங்க பாப்பா."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன்: "காதுக்கு நான் இருக்கேன்."

பரீட்சை மண்டபத்தில் கடைசி பெஞ்சில் துண்டுத்தாள் சரசரப்பதை மேடையிலிருந்தே கேட்டவன் நான். மனிதன் கேட்க வேண்டியதை ஓர் இயந்திரத்தைக் காதில் செருகிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வயதானால் எல்லோருக்கும் ஓர் இயந்திரத்தைப் பரிந்துரைத்துவிடுகிறார்கள்.

சங்கவி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, சின்னதே போட்டுரலாம்" என்றாள். பட்டறையைவிட்டு வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் பிடித்தது, அதற்குப் பிறகு இன்றுதான்.

ஜூன் 11, புதன்

மழை. தோட்டத்தில் இந்த வருடம் சில்வண்டுகளே இல்லை. பூச்சிமருந்து அதிகமாகிவிட்டது.

ஜூன் 14, சனி

பீரோவிலிருந்து இசைக்கவையை எடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று ஆய்வகத்திலிருந்து பள்ளியின் நினைவாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 512 ஹெர்ட்ஸ். முழங்காலில் தட்டி வலது காதருகே பிடித்தேன். தெளிவாகக் கேட்டது. இடது காது, அதுவும் தெளிவு. கையை முழுக்க நீட்டிப் பிடித்தும் கேட்டது.

பாஸ்.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டி வந்து மாட்டியாயிற்று. உள்ளங்கை அகலம்தான். 256 கட்டங்களையும் கிராஃப் நோட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தேன். சங்கவி அவற்றை மடிக்கணினியில் ஏற்றினாள். ஒரு கட்டத்தில் 62-ஐ 26 என்று அடித்துவிட்டாள். நான்தான் கண்டுபிடித்தேன். "வாத்தியார் வாத்தியார்தான்" என்றார் மொய்தீன். இன்ஜின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. சந்தோஷமாக இருந்தது.

ஸ்டீயரிங்கில் ஒரு சின்னக் குமிழ் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் டர்போவின் பாதிக் காற்று, மறுபக்கம் முழுக் காற்று.

தொலைபேசியில் சங்கவி இப்போதெல்லாம் வார்த்தையின் பாதியை விழுங்குகிறாள். ச, த எல்லாமே காணாமல் போகிறது. இந்தத் தலைமுறையே அப்படித்தான் பேசுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

முழு நாளும் உருளை மேடையில். காரைக் கட்டிப் போட்டுவிட்டுச் சக்கரங்களை மட்டும் இரும்பு உருளைகளின் மேல் ஓட்டுகிற இடம். கார் நின்ற இடத்திலேயே நூற்றைம்பதில் போகும். உள்ளே நிற்கவே பயமாக இருந்தது.

என் தலையில் பெரிய காதுமூடி. அதிலிருந்து ரப்பர் டியூப், டியூபின் நுனியில் செம்புக் குழாய், குழாயின் மறுமுனை இன்ஜினில். "தகர டப்பால கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி, சன்னமா, மேல் சுருதில கேக்குமுங்க சார். கேட்ட நிமிசமே கையத் தூக்கிருங்க" என்றார் மொய்தீன்.

தீப்பொறி எவ்வளவு முன்னால் விழுகிறதோ அவ்வளவு சக்தி. ஆனால் அவ்வளவு ஆபத்து. தீப்பொறியைப் பத்துப் பாகை முன்னால் வைத்து ஆரம்பித்தோம். சங்கவி முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தினாள். எனக்கு இன்ஜினின் கர்ஜனை மட்டும் கேட்டது. அடியில் ஆழமான, கனமான முழக்கம். நோட்டில் "10, சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினொன்று, சுத்தம். பன்னிரண்டு, சுத்தம். ஒவ்வொரு பாகைக்கும் திரையில் சக்தி ஏறியது. சங்கவி காருக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டினாள்.

பதினைந்து முடிந்ததும் மொய்தீன் என் தோளைத் தொட்டார். காதுமூடியைக் கழற்றினேன்.

"சார், இதே மாதிரி இன்ஜினு ரெண்டு வண்டில பண்ணியிருக்கேனுங்க. பதினாலுலயே தட்ட ஆரம்பிச்சிரும். இது என்னமோ கம்முனு இருக்குதே."

"பெட்ரோல் நல்ல பெட்ரோலா இருக்கும். கட்டமும் கணக்காப் போட்டிருக்கோம்."

"நீங்க நல்லாக் கேட்டீங்கல்லங்க?"

"மொய்தீன் பாய், கடைசி பெஞ்ச் பிட்டுக் காகிதம் கேட்ட காது இது."

பதினெட்டு வரை போனோம். சுத்தம். அதற்கு மேல் சக்தி ஏறவில்லை, நிறுத்திக்கொண்டோம்.

ஜூன் 27, வெள்ளி

மோர்க்குழம்பு. மின்கட்டணம் கட்டியாயிற்று. பின்னால் வந்த ஸ்கூட்டர் பையில் உரசிவிட்டுப் போனது. ஹாரன் அடிக்கிற பழக்கமே ஊரில் போய்விட்டது.

ஜூலை 3, வியாழன்

சங்கவி நேற்றுப் பந்தயத் தடத்தில் பாதிக் காற்றில் பத்துச் சுற்று ஓட்டிவிட்டு வந்திருக்கிறாள். மொய்தீன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்திருந்தார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

லென்ஸ் கொண்டுபோயிருந்தேன். பிளக்கின் நுனியில் இருக்கிற வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். வெயிலில் திருப்பினால் வெள்ளியாக மின்னின. அழகாகவே இருந்தன.

"அலுமினியமாட்டத் தெரியுதுங்க. உள்ள அலுமினியத்துல இருக்கறது பிஸ்டன் ஒண்ணுதானுங்களே" என்றார் மெதுவாக.

யோசித்துப் பார்த்தேன். பிளக்கைத் திருகும்போது மரையில் வெள்ளி நிறப் பசை ஒன்று பூசுகிறார்கள். அதில் இருப்பதும் அலுமினியத் தூள்தான். அது சிதறி ஒட்டியிருக்கலாம் என்று விளக்கினேன்.

மொய்தீன் பிளக்கை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். "நான் எட்டாங்கிளாசுங்க சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

புதுப் பிளக்குகளைப் போட்டார். பசை பூசினாரா என்று நான் கவனிக்கவில்லை.

ஜூலை 5, சனி

மொய்தீன் தொலைபேசியில்: "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நான் பசை பூசறதே இல்லீங்க. எந்த வண்டிக்கும்." அவர் மகன் கல்யாணப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்டேன். அக்டோபரில் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 10, வியாழன்

சாப்பிடும்போது பத்மாவதி கேட்டாள்: "டாக்டரு குடுத்த தாளு எங்க?"

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

"அதுல ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாத தாளை எதுக்குங்க ஒளிச்சு வெக்கறீங்க? நான் பேசறதுக்கெல்லாம் தலைய மட்டும் ஆட்டறீங்க. முந்தாநேத்து, 'எங்கண்ணன் செத்துப் போயிட்டாரு'ன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் தலையாட்டுனீங்க."

அவள் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். பெண்களுக்கு விளையாட்டுக்கு ஓர் அளவே இல்லை. ரசம் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

சங்கவி ஆசீர்வாதம் வாங்க வந்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவை. நெற்றியில் திருநீறு வைத்துவிட்டேன். ஏதோ ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன என்று எனக்கே தெளிவில்லை. "மெதுவாப் போ" என்றேன்.

"பந்தயத்துல மெதுவாப் போகச் சொல்ற ஒரே அப்பா நீங்கதான்" என்று சிரித்தாள்.

ஜூலை 13, ஞாயிறு, காலை 6.10

ஏழாயிரம்.

ஜூலை 15, செவ்வாய்

ஞாயிறு காலையில் நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மேஜையைத் துடைக்கும்போது இசைக்கவை கையில் பட்டது. ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை நினைவுக்கு வந்தது. காற்றுத் தம்பம் குட்டையாக ஆக, சுருதி மேலே போகும். முப்பத்துமூன்று வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம். சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீட்டர். எரிகிற வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் தொள்ளாயிரத்தைம்பது மீட்டர். செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். தட்டலின் சுருதி கிட்டத்தட்ட ஏழாயிரம் ஹெர்ட்ஸ்.

நான் என்னைச் சோதித்துக்கொண்டது 512-இல்.

பிறகு அகராதியைத் திறந்தேன். டாக்டர் தாளில் ஒரு கோடு, இடமிருந்து வலமாக. இரண்டாயிரம் வரை சமதளம். அங்கிருந்து இறங்குகிறது. நாலாயிரத்தில் பள்ளம். ஆறாயிரத்துக்கு அப்பால் தாளின் அடிமட்டம். அந்த டாக்டர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியது அந்த இடத்தைத்தான். ஜூன் 3-ஆம் தேதியே எனக்கு அது தெரியும். அப்போது நான் கேட்ட கேள்வி, "இதனால பாட்டுக் கேக்கறதுக்கு ஏதும் தடையிருக்குங்களா?" என்பது.

சங்கவி ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டிருந்தாள். தொலைபேசியை எடுக்கவில்லை. மொய்தீனும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். "டிபன் சாப்பிடாம எங்கீங்க?" என்று பத்மாவதி வாசல் வரை வந்தாள். தாளை அவள் கையில் கொடுக்கப் போனேன். கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தடத்தில் கார்கள் வரிசையில் நின்றன, எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடியது. அவளுடையது மூன்றாவது. ஓடினேன். ஜன்னலில் வலை கட்டியிருந்தது. "நிறுத்தும்மா" என்று கத்தினேன். தலைக்கவசம், அதற்குள் காதடைப்பு. அவளுக்கு எப்படிக் கேட்கும்? முகமறைப்பைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்பா முதல் தடவையாகப் பந்தயத்துக்கு வந்திருக்கிறார். கண்கள் முழுக்கச் சிரிப்பு. ஏதோ கேட்டாள்.

என் தலை ஆடியது.

நான் ஆட்டவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆட்டினேன். புரியாதபோதெல்லாம் ஆடிப் பழகிய தலை. அவள் முகமறைப்பை இறக்கினாள். கொடி அசைந்தது.

மொய்தீன் பக்கத்தில் நின்றிருந்தார். "வந்துட்டீங்களா சார்! பாப்பாக்கு ஒரே சந்தோசம்" என்று என் காதோடு கத்தினார்.

"என்ன கேட்டா அவ?"

"'முழுக் காத்துல போகட்டுமாப்பா?'ன்னுங்க. நீங்கதான் சரின்னுட்டீங்களே."

அவரிடம் தாளை நீட்டினேன். சொல்ல வேண்டியதை மூன்றே வரியில் சொன்னேன். அவர் திட்டவில்லை. கையிலிருந்த ஸ்பானரோடு கொடிக்காரரின் கோபுரத்தை நோக்கி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று வழியிலேயே கிடந்தது.

மூன்றாவது சுற்று. நேர்ப்பாதையின் கடைசியில் அவள் கார். சுவரோரம் நின்றிருந்தவர்கள் எல்லோருடைய முகமும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் வெள்ளைப் புகை. உடைந்த இன்ஜினிலிருந்து எண்ணெய் அவள் சக்கரத்துக்கே அடியில் கொட்டியிருக்கிறது. கார் வழுக்கிக்கொண்டு போய் டயர்ச் சுவரில் மோதியது.

இடது மணிக்கட்டு, தோள் எலும்பு, இரண்டு விலா. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இடது கை விரல்கள் பழையபடி மடங்குமா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரி. பத்மாவதி இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். மொய்தீன் சங்கவியிடம் எதுவும் சொல்லவில்லை. "அதை நீங்கதான் சொல்லோணுமுங்க" என்று மட்டும் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கவி ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். அப்படியே ஏதோ கேட்டாள். என் தலை ஆடத் தொடங்கியது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கேக்கலைம்மா" என்றேன்.

"இந்த இன்ஜினு இப்படித்தானாப்பா, யாரு தப்பும் இல்லைதானேன்னு கேட்டேன்."

"அது இல்லை. எனக்குக் கேக்காது. அன்னைக்கு உருளை மேடைலயும் கேக்கலை."

தாளை எடுத்துப் போர்வையின் மேல் விரித்தேன். அவள் இன்ஜினியர், வரைபடம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது கை விரல் கோட்டின் மேலேயே போயிற்று. இரண்டாயிரம், மூவாயிரம். கோடு இறங்குகிற இடத்தில் விரலும் இறங்கியது. அடிமட்டத்தில் நின்றது. மேலே எழுதியிருந்த தேதியையும் பார்த்தாள். ஜூன் 3.

என் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தனை தடவைப்பா சுத்தம்னு சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்து கிராஃப் நோட்டை எடுத்து எண்ணினேன். ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது.